உடம்புக்கு மருந்து பழகவில்லை: நெல்லைச் சீமையின் உயிரியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆசிரியர்களுக்கு,

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தாவரவியலும் விலங்கியலும் நடத்தும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம். நான் பாளையங்கோட்டைக்காரி. முப்பத்தோரு வருஷம் நுண்ணுயிர் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். சிறுநீர், சளி, சீழ் என்று வருவதைத் தட்டில் பூசி வைப்பேன். மறுநாள் காலையில் என்ன முளைத்திருக்கிறது, அது எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்த்து எழுதுவேன். டாக்டரும் இல்லை, பேராசிரியரும் இல்லை. ஆனாலும் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று இரண்டு வருஷமாக மனதில் கிடக்கிறது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் அம்மாவுக்குச் சிறுநீரில் கிருமி. ஏற்கெனவே சர்க்கரை உள்ளவர். அதற்கு முந்தின ஒரு வருஷத்தில் மூன்று தடவை அவருக்குக் கல்ச்சர் (கிருமியைத் தட்டில் வளர்த்துப் பார்க்கும் சோதனை) பார்க்காமலேயே ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்திருந்தார்கள். நான் வெளியூரில் மகள் வீட்டில் இருந்த சமயம் அது, எனக்குத் தெரியாமல் போயிற்று. நாலாவது தடவை கல்ச்சர் ரிப்போர்ட் வந்தபோது வரிசையாக 'ஆர்', 'ஆர்', 'ஆர்'. ஆர் என்றால் கிருமி அந்த மருந்துக்கு அடங்காது. 'எஸ்' என்று இரண்டே இரண்டு மருந்துகள், இரண்டும் ஊசி. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துதான் வீடு திரும்பினார்.

அந்தப் பதினோரு நாளில் என் அக்கா மகன் சொன்னான்: "சித்தி, ஆச்சிக்கு ஒடம்பு மருந்துக்குப் பழகிட்டுல்லா, அதான் கேக்க மாட்டேங்கு." அவன் பிளஸ் டூ உயிரியலில் நூற்றுக்கு 98 வாங்கியவன். பக்கத்துக் கட்டிலில் இருந்த வேறொரு அம்மாவும் அதையே சொன்னார். மருந்துக் கடையில் நின்றவரும் சொன்னார். முப்பத்தோரு வருஷமாக நான் கேட்டுக்கொண்டிருக்கும் வாக்கியம்தான். படிக்காதவர் சொன்னால் உட்கார்ந்து விளக்கிவிடலாம். 98 வாங்கியவன் சொன்னபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

பழகியது உடம்பு இல்லை. அம்மாவின் உடம்பில் எதுவும் மாறவில்லை, உள்ளே இருந்த பாக்டீரியாக் கூட்டம்தான் மாறியிருந்தது. இது வெறும் சொல் குற்றம் என்று விட்டுவிட முடியாது. உடம்புதான் பழகுகிறது என்று நம்புகிறவர், "நான் மாத்திரையே போடாத ஆளு, எனக்கு ஒண்ணும் வராது" என்று இருப்பார். அடங்காத கிருமி அடுத்த கட்டிலில் இருந்து, செவிலியின் கையில் இருந்து, சாக்கடைத் தண்ணீரில் இருந்து அவரிடமும் வரும். 2019-ல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் நேரடியாக இறந்தவர்கள் உலகம் முழுக்க சுமார் 12.7 லட்சம் பேர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் மாத்திரை தின்றே பழகியவர்கள் இல்லை.

அந்த வாக்கியத்தைப் பிள்ளைகள் வாயிலிருந்து எடுக்க ஒரு வழி தோன்றுகிறது. நோய் எதிர்ப்பு என்ற பாடத்தை மனிதனிடம் தொடங்காதீர்கள். பாக்டீரியாவிடம் தொடங்குங்கள்.

பாக்டீரியாவுக்கும் நோய் வரும். அதைத் தாக்குவதற்கென்றே வைரஸ்கள் உண்டு: ஃபேஜ்கள். பூமியில் அவற்றின் எண்ணிக்கை ஒன்றுக்குப் பின்னால் 31 சுழி போடும் அளவு என்பது மதிப்பீடு. மண், கடல், குளம், நம் குடல் என்று பாக்டீரியா இருக்கும் இடமெல்லாம் அவையும் இருக்கின்றன. இப்படி ஒரு எதிரி நூறு கோடி வருஷங்களுக்கும் மேலாகக் கூடவே இருந்தால், தற்காப்பு இல்லாத கூட்டம் மிஞ்சியிருக்குமா? உங்கள் பாடப்புத்தகங்களில் இந்தக் கதை மூன்று துண்டாகக் கிடக்கிறது. பிளஸ் ஒன் தாவரவியலில் டி4 ஃபேஜின் படம், தலையும் வாலும் காலுமாக. பிளஸ் டூ தாவரவியலில் உயிரித்தொழில்நுட்பத்தின் கீழே டி.என்.ஏ.வை வெட்டும் நொதிகள். பிளஸ் டூ விலங்கியலில் நோய்த்தடைகாப்பு, அதுவும் மனிதருக்கு மட்டும். ஒன்றைத் தாவரவியல் சார் எடுக்கிறார், இன்னொன்றை விலங்கியல் டீச்சர் எடுக்கிறார். மூன்றும் ஒரே சண்டை என்று பிள்ளைக்குச் சொல்ல யாரும் இல்லாமல் போகிறது.

அந்த வெட்டும் நொதியையே எடுத்துக்கொள்வோம். அது கடையில் விற்கும் கத்தரிக்கோல் மாதிரிதான் பாடத்தில் வருகிறது. பாக்டீரியா அதை எதற்காக வைத்திருந்தது? நம் பக்கம் கிடை போடும் கீதாரிகள் தங்கள் ஆட்டுக்குக் காதில் ஒரு வெட்டு அடையாளம் வைப்பார்கள். அடையாளம் இல்லாத ஆடு உள்ளே வந்தால் உடனே தெரிந்துவிடும். பாக்டீரியாவும் தன் டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட எழுத்து வரிசை வரும் இடங்களில் மீத்தைல் குறி ஒன்றை வைத்துக்கொள்கிறது. அதே வரிசை குறியில்லாமல் உள்ளே வந்தால் அது வெளியாள், வெட்டு விழும். எப்போதாவது ஒரு ஃபேஜின் டி.என்.ஏ. வெட்டுக்குத் தப்பி, தானும் அந்தக் குறியைப் பெற்றுவிடும். அப்புறம் அதன் பிள்ளைகள் எல்லாம் அந்தக் கிடைக்குள் தாராளமாக மேயும். வேறு கிடைக்குப் போய் ஒரு ஈற்று ஈன்றால் குறி போய்விடும். 1950-களின் தொடக்கத்தில் சால்வடோர் லூரியா போன்றவர்களைக் குழப்பியது இந்த விசித்திரம்தான். 1960-களில் வெர்னர் ஆர்பர் அதை அவிழ்த்தார். 1970-ல் ஹாமில்டன் ஸ்மித் அப்படிப்பட்ட ஒரு நொதியைப் பிரித்தெடுத்தார். டேனியல் நேதன்ஸ் அதைக் கொண்டு ஒரு வைரஸின் டி.என்.ஏ.வை வெட்டிப் படம் போட்டார். மூவருக்கும் 1978-ல் நோபல் பரிசு. என் அம்மா தினமும் போட்டுக்கொள்ளும் இன்சுலின் அந்தக் கத்தி இல்லாமல் தயாராகியிருக்காது.

ஃபேஜ் சும்மா இருக்குமா? டி4 தன் டி.என்.ஏ.வில் ஒரு எழுத்தையே மாற்றி, அதன் மேல் சர்க்கரையை ஒட்டிக்கொண்டது. பெரும்பாலான கத்திகள் அதில் வழுக்கிவிடும். டி7 என்ற இன்னொரு ஃபேஜ் வேறு வழி பிடித்தது. உள்ளே நுழைந்ததும் டி.என்.ஏ. மாதிரியே உருவம் உள்ள ஒரு புரதத்தைச் செய்கிறது. கத்தி ஏமாந்து அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

இனி நான் மிகவும் ஆசைப்படும் இடத்துக்கு வருகிறேன். தூத்துக்குடி உப்பளங்களில் பாத்தித் தண்ணீர் செந்நிறமாகத் திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நிறத்தில் உப்பை விரும்பும் நுண்ணுயிர்களுக்குப் பங்கு உண்டு. அப்படி ஒன்று ஸ்பெயின் நாட்டு உப்பளத்தில் கிடைத்தது. 1990-களின் தொடக்கத்தில் பிரான்சிஸ்கோ மொஹிக்கா என்ற இளைஞர் அதன் டி.என்.ஏ.வைப் படித்துக்கொண்டிருந்தார். சுமார் 30 எழுத்துள்ள ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தது, நடுநடுவே வேறு வேறு வரிகள். 1987-லேயே ஜப்பானில் இஷினோ குழுவினர் குடல் பாக்டீரியாவில் இதைப் பார்த்து, எதற்கு என்று புரியாமல் பதிவு செய்திருந்தார்கள். நடுவில் இருக்கும் வரிகள் வைரஸ்களின் துண்டுகள் என்று மொஹிக்கா கண்டுகொண்டு எழுதிய கட்டுரையைப் பல இதழ்கள் திருப்பி அனுப்பின. 2005-ல்தான் அது அச்சேறியது.

கிரிஸ்பர் (CRISPR) என்று இன்று சொல்லப்படும் அது, பாக்டீரியாவின் மொய் நோட்டு. நம் வீட்டு மொய் நோட்டில் விசேஷத்துக்கு வந்தவர் பெயரை வரிசையாக எழுதி, பிள்ளைகள் காலம் வரைக்கும் பத்திரப்படுத்துகிறோம் அல்லவா? பாக்டீரியா எழுதுவது தன்னைக் கொல்ல வந்தவரின் பெயர். தாக்குதலில் தப்பிய செல், ஃபேஜின் டி.என்.ஏ.வில் ஒரு சிறு துண்டை வெட்டி நோட்டின் முதல் வரியில் சேர்க்கிறது. பழைய பெயர்கள் கீழே இறங்கும். செல் பிரியும்போது நோட்டும் பிள்ளைகளுக்குப் போகும். அதே ஃபேஜ் மறுபடி வந்தால், நோட்டில் இருந்து எடுத்த படியை வைத்துக்கொண்டு ஒரு புரதம் தேடிப் பிடித்து வெட்டும். நோட்டிலேயே அந்தப் பெயர் இருக்கிறதே, தன்னையே வெட்டிக்கொள்ளாதா? வெட்டுவதற்கு அந்தப் பெயருக்குப் பக்கத்தில் சில எழுத்துகளே உள்ள ஒரு சின்ன அடையாளம் வேண்டும். ஃபேஜில் அது இருக்கும், நோட்டில் இருக்காது. இதை முதன்முதலில் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

இது நிரூபணமானது தயிர் உறைய வைக்கும் பாக்டீரியாவில். தயிர்த் தொழிற்சாலையில் ஃபேஜ் புகுந்தால் தொட்டி தொட்டியாகப் பால் உறையாமல் போகும், அதனால் அந்தத் தொழிலில் இருந்த விஞ்ஞானிகளே இதில் இறங்கினார்கள். 2007-ல் பாரங்கோவும் ஹோர்வாத்தும் அவர்கள் குழுவினரும், ஃபேஜுக்குத் தப்பிய பாக்டீரியாக்களின் நோட்டில் புதுவரி ஏறியிருப்பதைக் காட்டினார்கள். அந்த வரியை எடுத்தால் காப்பு போயிற்று, சேர்த்தால் வந்தது. அந்த இடத்தில் ஒரு எழுத்தை மாற்றிக்கொண்ட ஃபேஜ்கள் தப்பின. உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டிலும் ராத்திரி உறைமோர் ஊற்றுகிறார்கள். இந்தப் பாடத்துக்கு அதைவிட நல்ல வாசல் இருக்கிறதா? இந்த வெட்டும் முறையைக் கருவியாக ஆக்கியதற்குத்தான் இம்மானுவேல் சார்பெந்தியே, ஜெனிபர் டவுட்னா இருவருக்கும் 2020-ல் வேதியியல் நோபல். 2023 கடைசியில் அரிவாள் செல் நோய்க்கு இந்த முறையிலான சிகிச்சைக்குப் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதி தந்தன.

இதைச் சொல்லிவிட்டுத்தான் "பழகுதல்" என்ற சொல்லைப் பற்றிப் பேச முடியும். அந்தச் சொல்லுக்கு உண்மையாகவே இடம் இருப்பது இந்த நோட்டில்தான். பாக்டீரியா தனக்கு நேர்ந்ததை எழுதி வைத்துப் பிள்ளைக்குக் கொடுக்கிறது. ஆனால் அந்த நோட்டில் டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. எழுத்துகளை மட்டுமே எழுத முடியும். ஆன்டிபயாடிக் ஒரு வேதிப்பொருள், அதற்கு எழுத்து இல்லை. எத்தனை தடவை மருந்து பட்டாலும் அதன் பெயர் நோட்டில் ஏறாது.

அப்படியானால் மருந்துக்கு அடங்காமை எப்படி வருகிறது? ஒரு வழியை 1943-ல் லூரியாவும் மாக்ஸ் டெல்ப்ரூக்கும் காட்டினார்கள், அதுவும் ஃபேஜை வைத்தே. தனித்தனிக் குழாய்களில் பாக்டீரியாவை வளர்த்து, ஒவ்வொன்றையும் ஃபேஜ் பூசிய தட்டில் ஊற்றினார்கள். ஃபேஜைத் தொட்ட பிறகுதான் எதிர்ப்பு உண்டாகிறது என்றால் எல்லாத் தட்டிலும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கை மிஞ்ச வேண்டும். மிஞ்சியதோ, பல தட்டில் ஒன்றுமில்லை, சிலவற்றில் ஒன்றிரண்டு, ஏதோ ஒன்றில் நூற்றுக்கும் மேல். அந்தக் குழாயில் சீக்கிரமே தற்செயலாக ஒரு மாற்றம் நடந்து, அதன் வம்சம் பெருகியிருக்கிறது. எதிரி வருவதற்கு முன்பே எதிர்ப்பு அங்கே இருந்தது. மருந்து செய்வதும் இதேதான், மற்றவற்றைக் கொன்று அதற்கு இடம் விடுகிறது.

இன்னொரு வழி கடன் வாங்குவது. ஒரு பாக்டீரியா இன்னொன்றிடம் இருந்து பிளாஸ்மிட் என்ற சின்ன டி.என்.ஏ. வளையத்தைப் பெறும். மருந்தை எதிர்க்கும் மரபணுக்கள் பெரும்பாலும் அதில்தான் பயணம் செய்கின்றன. மொய் நோட்டுக்கு ஃபேஜ் எது, பிளாஸ்மிட் எது என்ற பேதம் கிடையாது, பெயர் இருந்தால் வெட்டிவிடும். 2008-ல் மராஃபினியும் சோன்தைமரும் தோலில் வாழும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஒன்றில் இதைக் காட்டினார்கள். பிறகு 2010-ல் பாமரும் கில்மோரும் என்டரோகாக்கஸ் என்ற பாக்டீரியாவில் பார்த்தது என்னைப் போல ரிப்போர்ட் எழுதி வாழ்ந்தவர்களை உலுக்கும் விஷயம். பல மருந்துக்கு அடங்காத ஆஸ்பத்திரி வகைகளில் பெரும்பாலும் அந்த நோட்டே இல்லை. வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத பேர்பெற்ற ஒரு வகையில் மரபணுத் தொகுப்பில் கால் பங்குக்கு மேல் வெளியிலிருந்து வந்து ஒட்டியது. எல்லா பாக்டீரியாவிலும் இதே கணக்கு என்று சொல்ல முடியாது, குடலில் வாழும் ஈ.கோலையில் இப்படித் தெளிவாகத் தெரிவதில்லை. ஆனால் என்டரோகாக்கஸ் சொல்லும் செய்தி இதுதான்: வைரஸுக்கு எதிராகக் கதவைச் சாத்தி வைத்தவை மருந்து மழையில் செத்தன, கதவைத் திறந்து போட்டவை மருந்தை எதிர்க்கும் சரக்கை வாங்கி உள்ளே வைத்துப் பிழைத்தன. கோடிக்கணக்கான வருஷம் கட்டிய காப்பைக் கைவிடுவது லாபம் என்று ஆக்கியது, நூறு வருஷம்கூட ஆகாத நம் ஆன்டிபயாடிக் பழக்கம்.

வேறு காப்புகளும் உண்டு. ஓலைக் குடிசை வரிசையில் தீப்பிடித்தால் நடுவில் ஒரு கூரையைப் பிரித்து எறிவார்கள், தீ தாண்டாமல் இருக்க. சில பாக்டீரியாக்கள் அப்படித்தான். ஃபேஜ் உள்ளே வந்து பெருகும் முன்பே அந்தச் செல் தன்னை அழித்துக்கொள்ளும், சுற்றியிருக்கும் உறவுகள் தப்பும். இதில் ஒரு வகை நம் உடம்பு வைரஸைக் கண்டுபிடிக்கும் முறையின் மூதாதை என்று 2019-ல் தெரிந்தது. நம் செல்லில் சி-காஸ் என்ற புரதம் அபாய மணி அடிக்கிறதே, அதன் உறவினர் பாக்டீரியாவில் அதே வேலை பார்க்கிறது. 2018-ல் இஸ்ரேலில் ரோட்டம் சோரெக் குழு ஒரே கட்டுரையில் இப்படிப் பல புதுக் காப்பு முறைகளைக் கண்டு சொல்லி, அவற்றுக்குப் பல நாட்டுக் காவல் தெய்வங்களின் பெயரை வைத்தது. ஜப்பானின் ஹாச்சிமான் இருக்கிறது, லித்துவேனியாவின் காபிஜா இருக்கிறது. ஊருக்கு ஊர் சுடலைமாடனுக்குப் பீடம் வைத்திருக்கும் நம் சீமையிலிருந்து ஒரு பிள்ளை போய், புதிதாக ஒன்றைக் கண்டு, அதற்குச் "சுடலை" என்று பெயர் வைக்கும் நாளை நான் நிஜமாகவே எதிர்பார்க்கிறேன்.

வாந்திபேதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வங்கதேசத்துக் காலரா நோயாளிகளிடம் கிடைத்த ஒரு ஃபேஜ், மொய் நோட்டைத் தானே தூக்கிக்கொண்டு வந்து, காலராக் கிருமியின் காப்பை அதைக் கொண்டே வெட்டுகிறது என்று 2013-ல் கண்டார்கள். பாக்டீரியாவின் ஆயுதம் வைரஸின் கையில்.

இங்கே உங்களிடம் ஒரு எச்சரிக்கையும் வைக்கிறேன். 1896-ல் ஆக்ராவில் இருந்த ஹாங்கின் என்பவர் கங்கை, யமுனைத் தண்ணீர் காலராக் கிருமியைக் கொல்கிறது, கொதிக்க வைத்தால் அந்தக் குணம் போய்விடுகிறது என்று எழுதினார். அதற்குக் காரணம் ஃபேஜாக இருக்கலாம் என்று பிற்காலத்தில் பலர் கருதினார்கள். அதைப் பிடித்துக்கொண்டு, "நம்ம தாமிரபரணித் தண்ணியிலயும் கிருமியைத் தின்னும் கிருமி இருக்கு, அது கெடாது" என்று செய்தி அனுப்புகிறார்கள், எனக்கே வந்திருக்கிறது. ஃபேஜ் இரை இருக்கும் இடத்தில் இருக்கும். ஆற்றுத் தண்ணீரில் குடல் பாக்டீரியாவின் ஃபேஜ் நிறைய இருந்தால் அங்கே மலம் கலந்திருக்கிறது என்று பொருள், உலகம் முழுக்க அதை அப்படி ஒரு அடையாளமாகவே பயன்படுத்துகிறார்கள். தவிர, ஒரு ஃபேஜ் பெரும்பாலும் ஒன்றிரண்டு வகைப் பாக்டீரியாவைத்தான் தொடும், மற்றவற்றை ஏறெடுத்தும் பாராது. பொதிகையில் பளிங்காகப் பிறக்கும் ஆறு வண்ணாரப்பேட்டை தாண்டும்போது எப்படி இருக்கிறது என்பதை நாம் கண்ணால் பார்க்கிறோம். ஃபேஜின் பெயரைச் சொல்லி அதை மறைக்க உங்கள் பாடம் உதவிவிடக் கூடாது.

ஃபேஜை மருந்தாகக் கொடுப்பதைப் பற்றியும் பிள்ளைகள் கேட்பார்கள். ஜார்ஜியா நாட்டின் திபிலிசியில் 1923-ல் தொடங்கிய நிறுவனம் இன்றும் அதைச் செய்கிறது. அமெரிக்காவில் ஒரு குளத்தில் எடுத்த ஃபேஜ் ஒன்று, சூடோமோனாஸ் பாக்டீரியா மருந்தை வெளியே இறைத்துத் தள்ளும் பம்பையே வாசலாகப் பிடிக்கிறது. ஃபேஜுக்குத் தப்ப பாக்டீரியா அந்தப் பம்பை மாற்றினால் பழைய மருந்துக்கு அடங்கிவிடுகிறது. ஆனால் ஃபேஜுக்கும் எதிர்ப்பு வரும். மந்திரம் என்று சொல்லிவிடாதீர்கள்.

சரி, என் கோரிக்கை. தாவரவியல் சாரும் விலங்கியல் டீச்சரும் ஒரே ஒரு நாள் சேர்ந்து ஒரு வகுப்பு எடுங்கள். கிருமி வளர்க்க வேண்டாம், பள்ளியில் அது ஆபத்து. தாயக்கட்டை, புளியங்கொட்டை, மஞ்சாடி முத்து போதும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு புளியங்கொட்டை. ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும், இப்படிப் பதினாறு வரை. ஒவ்வொரு கொட்டை பிரியும்போதும் தாயக்கட்டையை உருட்டட்டும். பன்னிரண்டு விழுந்தால் புதிதாகப் பிறப்பது மஞ்சாடி, அதன் பிள்ளைகள் எல்லாம் மஞ்சாடி. கடைசியில் "மருந்து வந்தாச்சு" என்று சொல்லிப் புளியங்கொட்டைகளை எல்லாம் அள்ளிவிடுங்கள். பல பிள்ளைகள் முன்னால் ஒன்றும் இருக்காது. சிலரிடம் ஒன்றிரண்டு. முதல் உருட்டிலேயே பன்னிரண்டு போட்டவன் முன்னால் எட்டு சிவப்பு முத்து. அப்போது கேளுங்கள்: எது பழகியது? யார் பழகியது? உடம்பா?

அந்தக் கேள்விக்கு வகுப்பில் ஒரு பிள்ளை பதில் சொல்வதை ஒரு தடவை நேரில் கேட்க வேண்டும் என்பது என் ஆசை. மஞ்சாடி முத்து ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையச் சேர்த்து வைத்திருக்கிறேன். தாயக்கட்டை அம்மாவுடையது, பித்தளை, நாலு ஜோடி இருக்கிறது. பாளையங்கோட்டையில் எந்தப் பள்ளி கூப்பிட்டாலும் எடுத்துக்கொண்டு வருகிறேன். சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் என்றாலும் காலை பஸ்ஸில் வந்துவிடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகள் படிக்கும் பாடத்தில் அக்கறையுள்ள,
ஓய்வுபெற்ற ஆய்வகப் பணியாளர்,
பாளையங்கோட்டை.